ரவிக்கைக்கு அளவெடுத்த ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்கு ரயில்வே ஸ்டேஷனில் புக்கிங் குமாஸ்தா வேலை கிடைத்து நாங்கள் அந்த ஊருக்குக் குடிபோனபோது, அங்கே ரயில் வந்தே அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கொல்லங்கோட்டுக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவில், பனைமரமும் கடலைக்காடும் நெல்வயலுமாக இருந்த ஊர். கடைவீதியில் தமிழ், சர்க்கார் கச்சேரியில் மலையாளம். பள்ளிக்கூடத்தில் இரண்டும் உண்டு. நான் பொள்ளாச்சிக்காரி, வாத்தியார் டிரெயினிங் முடித்தவள். பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர், சாமான் இறக்கிய மறுநாளே வீடு தேடி வந்துவிட்டார். அப்படித்தான் நான் டீச்சர் ஆனேன்.

ஊரில் ஒரு சங்கம் இருந்தது. அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்துப் பலகையிலும் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. சங்கம் என்றால் போதும். கடலை மண்டி வைத்திருந்தவர் அதற்குத் தலைவர். ஆஸ்பத்திரி கம்பவுண்டர், பொள்ளாச்சி பஸ் ஓட்டும் டிரைவர், கடைவீதி டெய்லரான ராவுத்தர், இன்னும் சிலர் அங்கத்தினர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டியின் மாடியில் கூடுவார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் போடுவது, தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குசெய்வது, சந்தை நாளில் வழிதவறிய குழந்தையை வீட்டில் சேர்ப்பது, இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தார்கள். என் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வந்ததும், கம்பவுண்டர் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினார். கம்பவுண்டர் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். "தண்ணிப்பந்தல் வெச்சோம், சரி. தேர் இழுத்தோம், சரி. நம்ம பையன்கள் எட்டாங்கிளாஸ் முடிச்சுட்டு என்ன பண்றான்கள், கேட்டேளா? பாலத்துமேல உக்காந்துண்டு போற வண்டியை எண்ணிண்டிருக்கான்கள். நம்ம ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு தொழில் இருக்கு. அதைச் சொல்லிக்கொடுத்தா நாம என்ன தேஞ்சா போயிடுவோம்?"

அடுத்த ஞாயிறு காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் டிரைவர் வண்டியை மண்டிக்குப் பின்னால் நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, எது எதனால் சுற்றுகிறது என்று காட்டுவார். கம்பவுண்டர் புண்ணைக் கழுவிக் கட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்தார். பையன்கள் ஒருவர் காலை ஒருவர் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு நொண்டுவார்கள். மண்டிக்காரர் சரக்குப் பார்க்கப் பழக்கினார். கடலையைக் கையில் குலுக்கி, காதருகே வைத்து, காய்ந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். என் கணவர் தந்தி அடிக்கும் முறையை மேசைமேல் தட்டிக் காட்டப்போக, பையன்கள் பள்ளிக்கூடத்துப் பலகைகளில் எல்லாம் தட்ட ஆரம்பித்தார்கள். தலைமை ஆசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்தார்.

என் வகுப்பில் ஒரு கவுண்டர் வீட்டுப் பெண் இருந்தாள். உயரமானவள், அதிகம் பேசமாட்டாள். அவளுக்குத் தாய் இல்லை. ஊரில் பாதி வயல் அவள் அப்பாவுடையது. ஒருநாள் மணி அடித்து எல்லாரும் போனபிறகும் அவள் நின்றாள்.

"டீச்சர், ஞாயித்துக்கெழமெ சங்கத்துல எங்களுக்கெல்லாம் ஒண்ணுஞ் சொல்லித்தர மாட்டாங்களா?"

"உனக்கு என்ன கத்துக்கோணும்?"

தன் ரவிக்கையின் கை ஓரத்தை மடித்து, உள்ளே ஓடிய தையலைக் காட்டினாள். "இது எப்படிப் போடறாங்கன்னு பாக்கோணுங்க."

அந்த வாரம் நான் என் கணவரோடு மண்டி மாடிப்படி ஏறினேன். அதுவரை ஒரு பொம்பளை ஏறாத படி. எல்லாரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு வந்த விஷயமே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. பிறகு சொன்னேன்.

மண்டிக்காரர் யோசித்தார். "பொட்டப்புள்ளைங்களுக்கும் சொல்லித்தர வேண்டீதுதானுங்க டீச்சர். யாரு சொல்லித்தாரதுங்கறதுதான். நம்ம டெய்லரு முன்னால வயசுப்புள்ளைய உக்கார வெக்க எந்த அப்பன் சம்மதிப்பான்?"

எல்லாரும் டெய்லரைப் பார்த்தார்கள். ஒல்லியான மனிதர், கழுத்தில் டேப்பு ஞாயிற்றுக்கிழமையும் தொங்கும். மெல்ல எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்லோணுங்க. உங்க ஊட்டுப் பொம்பளைங்க எல்லாரும் என்ற தையலெ மெச்சறாங்க. சட்டை, டவுசரு நான் தெக்கறது. ரவிக்கை அத்தனையும் எங்க ஊட்டுல வெட்டித் தெக்கறதுங்க. அளவுக்குப் பழைய ரவிக்கை வாங்கிட்டுப் போறனே, அது அவளுக்குத்தான். வேலை அவளுது, பேரு எனக்கு."

பஸ் டிரைவர்தான் முதலில் சிரித்தார். "அப்பொ போன தீவாளிக்கு என்ற சம்சாரம் உங்களெப் புகழ்ந்து என்னெத் திட்டுனதெல்லாம் வீணுங்களா?"

சிரிப்பு அடங்கியதும் டெய்லர் சொன்னார்: "என்னெ உட அவ நல்லாச் சொல்லிக்குடுப்பா. ஊட்டுக்கு அனுப்புங்க."

"அப்பொ அவங்களும் நம்ம சங்கத்து மெம்பருங்க" என்றார் மண்டிக்காரர்.

தையற்காரருக்குப் பெயர்தான் முதல். அதை நம்பித்தான் துணி வரும். அந்தப் பெயரை இத்தனை பேர் முன்னால், யாரும் கேட்காமலே, மனைவிக்கு எடுத்துக் கொடுத்தாரே என்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைவாக இருந்தது. நீங்களும் எனக்கு இப்படி எதையாவது எடுத்துக் கொடுப்பீர்களா என்று என் கணவரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் தள்ளி நடந்தார்.

வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைக் கேட்டேன். கவுண்டர் மாட்டுக் கட்டுத்தறியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ராவுத்தர் ஊட்டுக்குங்களா?" என்றார். எழுந்து மாட்டுக்கு முன்னால் வைக்கோலை உதறிப் போட்டார். "நல்ல குடும்பந்தான். போகட்டுமுங்க. அங்கெ தண்ணி கிண்ணி குடிக்கப்படாது, அவ்வளவுதான்." வேறு சில வீடுகளிலும் இதேதான் சொன்னார்கள். இதை எப்படி டெய்லரின் மனைவியிடம் சொல்வது என்று நான் தயங்கினேன். அவர்கள் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானுங்களா?" என்று சொல்லி, ஒரு புதுப் பானையை முற்றத்தில் வைத்து, பிள்ளைகளே கிணற்றில் இறைத்து நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சில வாரத்துக்குப் பிறகு எந்தப் பானை யாருடையது என்று பிள்ளைகளே கவனிப்பதை விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் அவர்களை ராவுத்தரக்கா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகினேன். பெரிய உடம்பு, பெரிய குரல், வாயில் எப்போதும் வெற்றிலை. பக்கத்துப் புதுநகரம் என்ற ஊரில் பிறந்தவர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் கணவருக்குப் பட்டன் வைத்து, காஜா எடுத்து, அப்படியே கைக்கு வந்துவிட்டதாம் தொழில். துணியை முதலில் தொடவே விடவில்லை. பழைய பேப்பர்தான். "துணியெத் தப்பா வெட்டுனா ஒட்டாது. காயிதம் தப்பாப் போனா அடுப்புக்கு ஆவும்" என்பார்கள். ஒருத்தி இன்னொருத்திக்கு அளவெடுக்க வேண்டும். அக்குளில் டேப்பு பட்டதும் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பார்கள். ஒரு மணி நேரம் சிரிப்பிலேயே போய்விடும். ராவுத்தரக்காவும் சேர்ந்து சிரிப்பார்கள். தைத்து முடித்ததைக் கொண்டுபோய்க் காட்டினால், முன்பக்கம் பார்க்கவே மாட்டார்கள். "திருப்பு. உள்பக்கங் காட்டு."

கவுண்டர் மகள் எல்லாருக்கும் முந்திக்கொண்டாள். வகுப்பில் பேசாத பெண், அங்கே வாய் ஓயாமல் கேள்வி கேட்டாள். தோள்பட்டை ஏன் சரிவாக வெட்ட வேண்டும், கழுத்து ஏன் இழுக்கிறது என்று. ராவுத்தரக்கா சில சமயம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இருடி, நானும் இப்பத்தான் யோசிக்கறேன்" என்பார்கள்.

தை மாதம் பிறந்தது. அந்தப் பக்கத்தில் தைக் காற்று என்றால் சும்மா இல்லை. கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வருகிற காற்று பனைமட்டைகளை நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். பேசினால் பாதி காதில் விழாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ராவுத்தரக்கா வீட்டு முற்றத்தில் நாங்கள் இருந்தபோது, தெற்கே புகை தெரிந்தது. கவுண்டரின் வயலோரத்தில் அவருடைய பண்ணையத்தாட்கள் குடியிருந்த குடிசைகள். ஓர் அடுப்புப் பொறி வைக்கோற்போரில் விழுந்திருக்கிறது. மேலே பனையோலைக் கூரை, வீசுவது தைக் காற்று. மண்டிப் பின்புறத்திலிருந்து பையன்களும் டிரைவரும் கம்பவுண்டரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் வரிசை முழுக்க எரிந்துவிட்டது.

உயிர்ச்சேதம் இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல். ஒரு கிழவருக்கும் இரண்டு பெண்களுக்கும் கையில் தீக்காயம். ஞாயிறு தவறாமல் ஒருவர் காலை ஒருவர் கட்டி விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் அன்று கம்பவுண்டர் சொல்லச் சொல்லக் பிசகாமல் கட்டுக் கட்டினார்கள். கிழவர் வேதனையில் கத்தியபோதும் ஒருவன்கூட ஒதுங்கவில்லை. காயம்பட்டவர்களை டிரைவர் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஆட்களை அதுவரை அந்த பஸ்ஸில் யாரும் உட்கார விட்டதில்லை. டிரைவர் அதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை.

குடிசைப் பெண்கள் பனந்தோப்புக்குள் இருந்தார்கள், வெளியே வரவில்லை. தீயை அடிக்க இடுப்புத் துணியையே நனைத்து அடித்திருக்கிறார்கள். மிச்சத் துணி வீட்டோடு போயிற்று. இருந்த கந்தலை ஆளுக்குப் பாதியாகச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தார்கள். மண்டிக்காரர் தன் கிடங்கிலிருந்து, மூட்டைகளை மூட வைத்திருந்த முரட்டுக் காடாத் துணியில் ஒரு கட்டு கொடுத்தார். நான் திரும்பி ஓடி ராவுத்தரக்காவிடம் சொன்னேன்.

அவர்கள் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தலையோடு போர்த்தினார்கள். பகலில் கடைவீதி வழியாக நடந்து நான் அவர்களைப் பார்த்ததே இல்லை. "மிஷினெ மண்டிக்குத் தூக்குங்க. இங்கெ எடம் பத்தாது" என்றார்கள் கணவரிடம்.

"அங்கெ ஆம்பளைங்க கூட்டமா இருக்குது" என்றார் டெய்லர்.

"இருக்கட்டும். அவங்களும் வேலைதானெ செய்யறாங்க."

டெய்லர் மிஷினின் தலையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அக்கா கத்திரியோடு பின்னால். அவர்களுக்குப் பின்னால் என் வகுப்புப் பெண்கள். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

மண்டியில் துணியை இடுப்பளவுக்குக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். "இடுப்புக்கு மட்டும் குடுத்துப்போட்டா ஆச்சுங்களா? வயசுப்புள்ளைங்க இருக்குதுங்க. ரவிக்கை தெச்சுக் குடுப்போம்."

எல்லாக் கையும் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் பண்ணையத்துப் பெண்கள் ரவிக்கை போடுவது கிடையாது. போடக்கூடாது என்று எழுதிய சட்டம் எதுவும் இல்லை. போட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

மண்டிக்காரர் முகம் சுருங்கிற்று. அவருக்குக் கடலை கொண்டுவந்து போடுபவர்கள் வயல்காரக் கவுண்டர்கள்தான். "அக்கா, துணி எத்தனை வேணுமின்னாலும் எடுத்துக்கங்க. ரவிக்கைன்னா... பண்ணையக்காரங்க என்ன சொல்லுவாங்களோ."

"நீங்க துணிதானுங்களே குடுத்தீங்க? வெட்டறது என்ற கத்திரி. யாராச்சுங் கேட்டா என்னெ வந்து கேக்கச் சொல்லுங்க."

மண்டிக்காரர் விறுக்கென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். இன்னொரு கட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். "ரவிக்கைக்குச் சேத்துன்னா அது பத்தாதுங்க" என்றார்.

இனி அளவெடுக்க வேண்டும். தோப்புக்குப் போக வேண்டும், அந்தப் பெண்களைத் தொட வேண்டும். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கவுண்டர் மகள் அக்காவின் கழுத்திலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டாள். நான் சிலேட்டும் பலப்பமும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

தோப்பில் ஓர் இளம்பெண் அவளைக் கண்டதும் பதறிப் பின்னால் நகர்ந்தாள். "வேண்டாஞ் சாமி, தொட்டுப்போடாதீங்க. ஐயன் பாத்தா எங்களெக் கொன்னுபோடுவாரு." ஐயன் என்றது இவள் அப்பாவை.

"அப்பா இங்கெ இல்லீங்க. கையெத் தூக்குங்க அக்கா" என்றாள் கவுண்டர் மகள்.

அக்கா என்ற சொல்லைக் கேட்டு அந்தப் பெண் அழுதுவிட்டாள். இவள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. மார்பு, தோள், கை, உயரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் சிலேட்டில் எழுதினேன். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். அந்தக் கூச்சச் சிரிப்பு தோப்பிலும் கேட்டது. எரிந்த வீட்டை மறந்து ஒரு கிழவி கூடச் சிரித்தாள்.

அன்று பொழுது சாயும்வரை மிஷின் ஓடியது. மறுநாள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியரே லீவு விட்டார். ராவுத்தரக்கா வெட்ட, டெய்லர் மிஷினில் ஓட்ட, பிள்ளைகள் கைத்தையலில் முடித்தார்கள். முன்பக்கம் முடிச்சுப் போடுகிற ரவிக்கைகள். முதலில் முடிந்ததைப் போட்டுக்கொண்ட பெண்ணுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. போட்டுவிட்டதும் தன் தோளைத் தானே தடவித் தடவிப் பார்த்தாள்.

கவுண்டர் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மண்டிக்கு வந்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: குடிசை கட்ட மூங்கிலும் ஓலையும் வண்டி வண்டியாக அவர்தான் அனுப்பியிருந்தார். உள்ளே வந்தவர் மகள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"யாருக்கு அது?"

"நம்ம பண்ணையத்துல இருக்கறவங்களுக்குங்கப்பா."

"எந்திரி."

அவள் கையிலிருந்த தையலை முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்தாள். அவர் என்னிடம், "படிக்க அனுப்பிச்சனுங்க டீச்சர். இதுக்கில்லெ" என்றார். ராவுத்தரக்கா பக்கம் திரும்பக்கூட இல்லை. போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. கவுண்டர் வீட்டுக் கடலை வண்டிகள் மண்டியைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போயின. வேறு சிலரும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். பெரிய வீடுகளின் தையல் கொல்லங்கோட்டுக்குப் போயிற்று. சங்கத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது: பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததோடு நின்றிருக்கலாமே என்று. இதைப் பேசவே ஒரு ஞாயிறு கூட்டம் போட்டார்கள். ராவுத்தரக்கா அன்றுதான் முதன்முதலாக மண்டி மாடி ஏறினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆளாளுக்குச் சுற்றிவளைத்துப் பேசினார்கள். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அக்கா சொன்னார்கள்: "வேலை போனது எனக்கும் வருத்தந்தானுங்க, இல்லீன்னு சொல்லலெ. குடுத்த ரவிக்கையெத் திருப்பி வாங்கோணுமின்னு நெனைக்கறவங்க இங்கெ இருந்தாச் சொல்லிப்போடுங்க. நானே போயி வாங்கியாறேன்."

கம்பவுண்டர் எழுந்தார். "நாம தொழில் சொல்லிக்கொடுத்தோம். அது எதுக்காகும்னு அந்தக் குழந்தைகள் நமக்குக் காட்டிக்கொடுத்துடுத்து. இனிமே இதுல பேச என்ன இருக்கு? டீயைக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

அப்படியே முடிந்தது கூட்டம்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, வகுப்பு நடக்கும்போது முற்றத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோப்பில் முதலில் அளவெடுத்துக்கொண்டாளே, அவளுடைய தங்கை. அக்காள் ரவிக்கையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தோளில் நிற்காமல் வழிந்தது. "நானும் கத்துக்கலாமுங்களா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு, கிணற்றடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ராவுத்தரக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்கள். நிமிராமலே சொன்னார்கள்: "அங்கெ உக்காந்தா நூலு எட்டாது. உள்ளெ வா."

அவள் உள்ளே வந்தாள். இரண்டு பிள்ளைகள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். போனவர்களைக் கூப்பிடட்டுமா என்று நான் கேட்டேன். "வேண்டாமுங்க. வர்றப்ப வருவாங்க" என்றார்கள் அக்கா. ஒருத்தி கொஞ்ச நாள் கழித்து வந்தாள். இன்னொருத்தி வரவே இல்லை.

கவுண்டர் மகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள்; மற்றபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் ஏறிவிட்டிருந்த ஒரு காலையில் அவள் அப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை.

"ஏனுங்க டீச்சர், புள்ளெ ஊட்டுல பேசறதே இல்லீங்க. என்ன கேட்டாலும் 'ம்'ங்கறா. திட்டுனா அழுவா, சண்டை போடுவான்னு பாத்தேன். அதுவும் இல்லெ. அவங்கம்மா இருந்திருந்தா கேட்டிருப்பா. நான் என்னெத்தெக் கேக்கறது?"

நான் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அங்கெ நம்ம பண்ணையத்தாளு புள்ளெயும் வருதாமுங்களா?"

"வருதுங்க. நல்லாவே தெக்கறா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் அதெச் சரீன்னு சொல்லலீங்க. எனக்கு அது புடிக்கலெ. ஆனா புள்ளெ வரட்டும்."

அந்த மனிதரிடம் எனக்கு இருந்த கோபம் அங்கேயே பாதி கரைந்தது. மனம் மாறாமலே ஒருவர் வழிவிடுவது எளிதில்லை.

அவள் வந்த அன்று ராவுத்தரக்கா கட்டிப்பிடிக்கவும் இல்லை, கண்ணீர் விடவும் இல்லை. புதிதாக வந்த பெண் தைத்திருந்த முதல் ரவிக்கையைத் தூக்கி அவள் மடியில் போட்டார்கள். "பாத்துச் சொல்லு." அவள் அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். "கையிடுக்குல இழுக்குதுக்கா. பிரிச்சுத் தெக்கோணும்" என்றாள். வந்த பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. உடனே கவுண்டர் மகள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "எனக்கும் மொதல்ல அப்படித்தான் இழுத்துது. தா, ரெண்டு பேருமாப் பிரிக்கலாம்" என்றாள். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் கிணற்றடியில் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த போகத்தில் கவுண்டரின் கடலை மண்டிக்கே வந்தது. அவரும் எதுவும் சொல்லவில்லை, மண்டிக்காரரும் கேட்கவில்லை. தையல் வேலை எல்லாமே திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. சில வீடுகள் கடைசிவரை கொல்லங்கோட்டுக்கே அனுப்பின. வயலோரக் குடிசைகளில் ரவிக்கை நிலைத்துவிட்டது. முதலில் யாராரோ அதட்டிப் பார்த்தார்களாம். ஒருத்தி மட்டும் போட்டிருந்தால் கழற்ற வைத்திருப்பார்கள்; வரிசை முழுக்கப் போட்டிருந்தபோது யாரிடம் போய்ச் சொல்வது? வகுப்புக்கு வந்த அந்தப் பண்ணையத்துப் பெண் நடவும் அறுப்பும் போக மிச்ச நாளில் வந்து தொழிலைக் கற்றுக்கொண்டாள். யார் வீட்டிலோ துருப்பிடித்துக் கிடந்த ஒரு கைமிஷினைச் சங்கம் வாங்கிக் கொடுத்தது. பஸ் டிரைவரும் அவரிடம் படித்த பையன்களும் அதை ஒரு ஞாயிறு முழுக்கப் பிரித்துப் போட்டு, எண்ணெய் விட்டு ஓடவைத்தார்கள். அவளுடைய குடிசையில் தைத்த துணி பல ஊர் தாண்டி நல்லேப்பிள்ளி வரைக்கும் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் கணவருக்குப் போத்தனூருக்கு மாற்றல் வந்தது. நாங்கள் கிளம்பிய வாரம் சங்கத்தில் புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ராவுத்தரக்காவை உபதலைவர் என்று ஒருமனதாக முடிவு செய்து, செய்தியைச் சொல்ல மண்டிக்காரரும் கம்பவுண்டரும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நானும் அங்கே இருந்தேன். அக்கா மிஷினை நிறுத்தாமலே கேட்டார்கள்.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? தீவாளித் துணி குமிஞ்சு கெடக்குது, பாக்கறீங்கல்ல?"

பிள்ளைகள் விடவில்லை. பாயைத் தட்டிக்கொண்டு ஒரே கூச்சல். கவுண்டர் மகள்தான் எல்லாரிலும் பலமாகக் கத்தியது. அக்கா சக்கரத்தில் கை வைத்து மிஷினை நிறுத்தினார்கள்.

"சரி, வெச்சுக்கங்க. ஆனா மீட்டிங்கு இனிமே இங்கெதான் நடக்கோணும். மிஷினெ உட்டுப்போட்டு என்னால மாடியேற முடியாது."

அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நாங்கள் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு கூட்டம் ராவுத்தரக்கா வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. என் கணவர் போய்விட்டு வந்து, பாயில் இடமில்லாமல் துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்ததைச் சொல்லிச் சிரித்தார். அவர் வேட்டியெல்லாம் கலர் கலராக நூல். சாமான் கட்டுவதை நிறுத்திவிட்டு, நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தேன்.